பத்துப் பேரில் ஒன்பது பேர்!

"எல்லாம் போச்சுங்ணா" என்றார் அந்தத் தோழர்.

கோவையில், ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். வயது 27. இரவு ஷிப்டு முடித்து, எண்ணெய்க் கறை போகாத கையோடு நேரே சங்க அலுவலகத்துக்கு வந்து, நம் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். தேநீர் வரவழைத்தோம், தொடவில்லை. கைபேசியைத் திறந்து, மேசைமேல் வைத்து, நம் பக்கம் தள்ளினார்.

3,40,000 ரூபாய்! அவர் தந்தையார் பஞ்சாலையிலே 31 ஆண்டுகள் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்து, ஓய்வு பெற்ற நாளில் கையில் வாங்கிய கிராஜுவிட்டி. தங்கையின் திருமணத்துக்கென்று எடுத்து வைத்த பணம். நான்கே மாதத்தில் அந்தக் கையகலக் கண்ணாடிக்குள் போயிற்று. மிச்சம் 11,000 சொச்சம்.

"ஏமாற்றியவர் யார்?" என்று கேட்டோம். கோபத்தோடுதான் கேட்டோம். பெயரைச் சொன்னால் போதும், கொடி பிடித்துப் புறப்பட்டு விடுவோம் என்ற வேகம் நமக்கு!

"யாரும் ஏமாத்தலீங்ணா. நானேதான் அமுக்குனேன்."

நாள்தோறும் காலையில், பங்கு வணிகம் செய்யும் அந்தச் செயலி வாசல் திறக்கும் முன்னே ஓர் அறிவிப்பைக் காட்டுமாம். பங்குச் சந்தையின் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கும் தனிநபர்களில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் நட்டம் அடைகிறார்கள் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே ஒரு பொத்தான். "புரிந்துகொண்டேன்" என்று அதற்குப் பெயர்.

"படித்தீர்களா?"

"அதை அமுக்குனாத்தானுங்ணா உள்ளே விடும்!"

நாம் வாயடைத்துப் போனோம். எச்சரிக்கை இருந்தது, எழுத்தில் இருந்தது, ஏமாற்று இல்லை, மறைப்பு இல்லை, சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் பஞ்சாலைத் தொழிலாளியின் 31 ஆண்டு உழைப்பு எங்கே? அதற்குப் பதில் சொல்ல எந்தச் சட்டப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது? இந்தக் கேள்வியோடுதான் நாம் ஒரு வாரமாகப் படித்தோம், விசாரித்தோம். படித்ததைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

அந்த அறிவிப்பை வைக்கச் சொன்னது யார்? செபி. இந்தியப் பங்குகள் மற்றும் பரிவர்த்தனை வாரியம் என்று நீட்டிச் சொல்வார்கள். செபி என்றால் போதும். 2023 ஜூலை முதல் ஒவ்வொரு தரகு நிறுவனமும் இந்த எச்சரிக்கையைக் காட்டியே தீரவேண்டும் என்று அது கட்டளையிட்டது. சாராயக் கடை வாசலிலே "குடி குடியைக் கெடுக்கும்" என்று எழுதி வைப்பதைப்போல என்று நையாண்டி செய்யத் தோன்றும். தோன்றத்தான் செய்தது நமக்கும். ஆனால் வரலாற்றைப் பார்த்தபின் அந்த நையாண்டியில் பாதியை விழுங்க வேண்டியதாயிற்று.

செபி பிறந்தது 1988 ஏப்ரலில். பிறந்ததே தவிர, பல் முளைக்கவில்லை. ஆலோசனை சொல்லலாம், அதட்ட முடியாது. 1992இல்தான் சட்டம் அதற்கு அதிகாரம் கொடுத்தது. அந்த ஆண்டு என்ன ஆண்டு? ஹர்ஷத் மேத்தா ஆண்டு! வங்கிகளின் பணம், வெற்றுச் சீட்டுகளை ஈடாகக் காட்டி வெளியே இழுக்கப்பட்டு, பங்குச் சந்தையிலே கொட்டப்பட்டு, பங்கு விலை வானத்துக்கு ஏறி, ஏப்ரலில் செய்தி வெடித்ததும் பாதாளத்துக்குப் பாய்ந்த ஆண்டு. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு கணக்குப் பார்த்து, 4,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று சொன்னது. விலை ஏறிய நாளில் விற்றவன் தப்பினான். ஏறுகிறதே என்று கடைசியில் ஓடிப் போய் வாங்கியவன் யார்? பள்ளி ஆசிரியர், தபால் குமாஸ்தா, நகையை அடகு வைத்த நடுத்தரக் குடும்பத்தார்.

அந்தச் சட்டத்தின் முகப்பை எடுத்துப் படியுங்கள். மூன்று வேலைகள் சொல்லப்படுகின்றன: முதலீட்டாளர் நலன் காத்தல், சந்தையை வளர்த்தல், ஒழுங்குபடுத்தல். வரிசையைக் கவனிக்க வேண்டும் தோழர்களே! காத்தல்தான் முதலில் நிற்கிறது. வளர்த்தல் அதற்குப் பின்னேதான். ஆனால் ஒரே கை காக்கவும் வேண்டும், வளர்க்கவும் வேண்டும் என்றால், எந்த வேலையில் அந்தக் கை சுறுசுறுப்பாக இருக்கும் என்பதை நாம் விழித்திருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்த்தோம். நல்லது நடந்திருக்கிறது என்பதை மறைக்க மாட்டோம்.

அந்தக் காலத்தில் பங்கு என்றால் காகிதம். காகிதம் தொலையும், கரையான் தின்னும், தபாலில் திருட்டுப் போகும். வாங்கிய காகிதம் போலியாக இருக்கும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று நிறுவனம் திருப்பி அனுப்பும். 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. காகிதம் கணினிக் கணக்காயிற்று. புதுப் பங்குக்கு விண்ணப்பித்தால் முன்பெல்லாம் காசோலையை முதலில் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். பங்கு கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வர வாரக் கணக்காகும். அதுவரை வட்டி யாருக்கோ! 2008இல் ஒரு முறை வந்தது: பணம் உன் வங்கிக் கணக்கிலேயே இருக்கும், தொடமுடியாதபடி பூட்டு மட்டும் விழும், பங்கு கிடைத்தால்தான் போகும். சிறிய மாற்றந்தான். ஆனால் இலட்சக்கணக்கானோரின் வட்டி அவரவர் வீட்டிலேயே நின்றது. பங்கு விற்ற பணம் கைக்கு வர நாட்கணக்கில் ஆனது போய், 2023 ஜனவரி முதல் மறுநாளே கணக்குத் தீர்கிறது.

கார்வி கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் காவல் என்றால் என்ன என்று அதில்தான் விளங்கும்.

ஐதராபாத்தில் தலைமையிடம் கொண்ட பெரிய தரகு நிறுவனம் அது. வாடிக்கையாளர்கள் பங்கு வாங்க விற்க வசதியாக இருக்கட்டுமென்று அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "நம் வீட்டுச் சாவி, நம்பிக்கையானவரிடம் ஒன்று இருக்கட்டும்" என்று கொடுப்போமே, அப்படி. சாவியை வாங்கியவர் என்ன செய்தார்? வீட்டைத் திறந்து, பாத்திரம் பண்டத்தை எடுத்துத் தம் பெயரில் அடகு வைத்தார்! சுமார் 95,000 வாடிக்கையாளர்களின், 2,300 கோடி ரூபாய் மதிப்புள்ள பங்குகள் விவகாரத்தில் சிக்கின. 2019 நவம்பர் 22ஆம் நாள் செபி உத்தரவு போட்டது: புது வாடிக்கையாளர் சேர்க்காதே, அந்த அதிகாரப் பத்திரத்தைப் பயன்படுத்தாதே. பத்து நாளில், 80,000க்கு மேற்பட்டோரின் பங்குகள் அவரவர் கணக்குக்குத் திரும்பின. கடன் கொடுத்த வங்கிகள் கூக்குரலிட்டன; வழக்காடின. போகட்டும். அதைவிடப் பெரிது அடுத்து நடந்தது. 2020 செப்டம்பர் முதல் விதியே மாறிற்று. பங்கு உன் கணக்கை விட்டு நகராது. அடகு வைப்பதானால் உன் கைபேசிக்கு எண் வரும். நீ அந்த எண்ணைக் கொடுத்தால்தான் அடகு. வீட்டுச் சாவி தரகர் கையிலிருந்து வாங்கப்பட்டு வீட்டுக்காரன் இடுப்பில் செருகப்பட்டது!

இந்தக் காவலுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. அறிவிப்பைப் படிக்க வேண்டியதில்லை. படிக்காதவனையும் காத்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் லேத் தோழரிடம் திரும்புவோம்.

அவர் ஆடிய ஆட்டம் என்ன? ஆப்ஷன் என்கிறார்களே, அது என்ன பூதம்? பூதமில்லை, அச்சாரம். நெல் மூட்டை இன்று 2,000 ரூபாய். அடுத்த வாரம் ஏறும் என்று நினைக்கிறீர்கள். வியாபாரியிடம் 50 ரூபாய் அச்சாரம் கொடுத்து, "வருகிற வாரம் இதே 2,000க்கு எனக்குத் தரவேண்டும்" என்று பேசிக்கொள்கிறீர்கள். விலை 2,200 ஆனால் உமக்கு யோகம். ஏறாவிட்டால்? அச்சாரம் போச்சு. இறங்கினாலும் போச்சு. அசையாமல் நின்றாலும் போச்சு! நாள் நகர நகர அச்சாரத்தின் மதிப்புத் தேய்ந்துகொண்டே வரும். பனிக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடப்பதைப்போல. உழவனுக்கும் ஆலைக்காரனுக்கும் இப்படி அச்சாரம் போட உண்மையான தேவை உண்டு. விலை ஏற்ற இறக்கத்திலிருந்து தற்காப்பு. ஆனால் நெல்லும் இல்லாமல், ஆலையும் இல்லாமல், வாரம் ஒரு கெடு வைத்து, அந்தக் கெடு நாளிலே மணிக்கு மணி அச்சாரம் போட்டால் அது என்ன? தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிச் சீட்டுக்குத் தடை வந்தபோது, கடைத்தெருவில் சீட்டுக் கிழித்துப் பார்த்துக்கொண்டே நின்ற கூட்டம் நினைவுக்கு வருகிறது.

செபி கணக்கெடுத்தது. 2024 செப்டம்பரில் வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் இந்த ஆட்டத்தில் இறங்கிய தனிநபர்கள் 1 கோடிக்கு மேல். அவர்களில் 93 சதவீதம் பேர் தோற்றார்கள். தோற்றவர்க்கு ஆளுக்குச் சராசரி 2 இலட்சம் ரூபாய். மொத்த நட்டம் 1,80,000 கோடி ரூபாய்க்கு மேல்! செலவு போக 1 இலட்ச ரூபாய்க்கு மேல் இலாபம் பார்த்தவர் நூற்றுக்கு ஒருவர். ஒருவர்!

யார் இந்த ஒரு கோடி? முக்கால்வாசிப் பேருக்கு மேல், ஆண்டு வருமானம் 5 இலட்ச ரூபாய்க்குக் கீழ் என்று தாமே எழுதிக் கொடுத்தவர்கள். 2023-24இல் நூற்றுக்கு 43 பேர் முப்பது வயது நிரம்பாதவர்கள். மாளிகைவாசிகள் அல்லர் தோழர்களே. நம் தெருப் பிள்ளைகள்.

அந்தப் பணம் ஆவியாயிற்றா? பணம் ஆவியாவதில்லை! 2023-24ஆம் ஆண்டில் செலவு கழிக்காத கணக்குப்படி, சொந்த முதல் போட்டு ஆடும் பெரிய வணிக நிறுவனங்கள் 33,000 கோடி ரூபாய் இலாபம் கண்டன. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் 28,000 கோடி. கூட்டினால் 61,000 கோடி. தனிநபர்களும் மற்றோரும் தோற்றது எவ்வளவு? 61,000 கோடிக்கு மேல்! பெரியவர்களின் இலாபத்தில் 100க்கு 95க்கு மேல் கணினி நிரல் தானாக ஆடிச் சம்பாதித்தது. ஒரு பக்கம் கண் இமைக்கும் முன் ஆயிரம் கணக்குப் போடும் இயந்திரம். மறுபக்கம் இரவு ஷிப்டு முடித்த கண், எண்ணெய் படிந்த கட்டைவிரல். இதற்குப் பெயர் போட்டியாம்!

இன்னொன்று. மூன்றாண்டில் தனிநபர்கள் வணிகச் செலவாக மட்டும் கொடுத்தது சுமார் 50,000 கோடி. அதில் பாதிக்குமேல் தரகர்களுக்கு. ஐந்தில் ஒரு பங்கு சந்தை நிறுவனங்களுக்கு. ஜெயித்தவனும் கொடுத்தான், தோற்றவனும் கொடுத்தான். சூதாட்டக் கொட்டகையில் விளக்கு வாடகை வசூலிப்பவனுக்கு மட்டும் என்றைக்கும் நட்டமில்லை என்பார்கள் நம் ஊரில்.

கணக்கை மறைக்காமல் வெளியிட்டதற்காக அந்த வாரியத்தைப் பாராட்டுகிறோம். ஆட்டத்தை நடத்தவிட்டவரே ஆட்டத்தின் அவலட்சணத்தை அச்சிட்டுக் கொடுப்பது அடிக்கடி நடப்பதல்ல. வெறுமனே அச்சிட்டுவிட்டு உட்காரவும் இல்லை. 2024 நவம்பர் முதல், ஒரு ஒப்பந்தத்தின் குறைந்த அளவு 15 இலட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது. வாரந்தோறும் கெடு தீரும் குறியீடுகள் சந்தைக்கு ஒன்று எனக் குறைக்கப்பட்டன. விளைவு? 2025 ஜூலையில் அடுத்த கணக்கு வந்தது. ஆடிய தனிநபர்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் 2024-25இல் தோற்றவர் 100க்கு 91. நட்டம் 74,812 கோடியிலிருந்து 1,05,603 கோடியாக ஏறிற்று!

அதே மாதம் 3ஆம் நாள் இன்னொரு செய்தி. ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின்மீது இடைக்கால உத்தரவு. காலையில் வங்கிப் பங்குகளை வாரி வாங்கிக் குறியீட்டைத் தூக்கிவிட்டு, மறுபுறம் ஆப்ஷனில் எதிர்த்திசையில் அமர்ந்து, பிற்பகலில் பங்குகளைக் கொட்டியது என்பது குற்றச்சாட்டு. 4,843 கோடி ரூபாயை முடக்கி வைத்தது செபி. அந்நிறுவனம் மறுத்து, மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போனது. குற்றமா இல்லையா என்று சொல்வது மன்றத்தின் வேலை. ஆனால் "பத்தில் ஒன்பது பேர் தோற்பார்கள்" என்று ஒன்பது பேருக்குச் சொன்னவர்கள், பத்தாவது ஆள் யார், எப்படி ஜெயிக்கிறான் என்பதைச் சொல்லியிருந்தால் அந்தப் பொத்தானை அமுக்குமுன் விரல் சற்று நின்றிருக்குமோ என்னவோ!

இங்கே ஒரு சிக்கல். "அப்படியானால் ஏழையை உள்ளே விடாதே, இத்தனை வருமானம் இருந்தால்தான் ஆப்ஷன் என்று விதி போடு" என்கிறார்கள் சிலர். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். நமக்கு அதைக் கேட்டதும் நெஞ்சில் முள் குத்தியது. சட்டை கிழிந்தவனை வாசலில் நிறுத்து, சரிகை வேட்டியை வரவேற்று உட்கார வை என்ற ஏற்பாட்டை எத்தனை வாசல்களில் கண்டவர்கள் நாம்! வீணாக்குவதற்கும் பணக்காரனுக்குத்தான் உரிமையா? என்று கேட்கத் தோன்றுகிறது. மறுகணமே அந்தப் பஞ்சாலைப் பெரியவரின் முகம் தெரிகிறது. உரிமை பேசி அவர் மகளுக்குத் தாலி வாங்க முடியாது.

ஒரு வாரம் புரண்டு யோசித்தும் கதவைச் சாத்து என்று எழுத நம் பேனா மறுக்கிறது. ஆனால் கதவு இருக்கிற நிலையில் இருக்கட்டும் என்றும் எழுத மாட்டோம். அந்தப் பொருளை விற்கிற தரகு ஊழியன் தேர்வெழுதித் தேற வேண்டும். அதற்கென்றே 2006இல் ஒரு தேசியக் கழகத்தைச் செபி நிறுவியிருக்கிறது. விற்பவனுக்குத் தேர்வு, வாங்குபவனுக்குப் பொத்தான்! வாங்குபவனுக்கும் அவன் தாய்மொழியில் பத்துக் கேள்வி வைத்தால் என்ன? பொதுவான ஒன்பது பேர் கணக்கைக் காட்டுவதோடு, "இந்த ஆண்டு இதுவரை நீ இழந்தது இவ்வளவு" என்று அவனவன் கணக்கைத் தமிழில் பெரிய எழுத்தில் வாசலிலேயே காட்டினால் என்ன? நம் தோழர் 50,000 தோற்றபோதே அதைக் கண்டிருந்தால் நின்றிருப்பேன் என்கிறார். "நாளைக்குப் புடிச்சிரலாம்னு தோணும்ங்ணா. மொத்தமா எவ்வளவு போச்சுன்னு பாக்கவே பயம்" என்றார். பயந்து பார்க்காதவனுக்கு முன்னால்தான் கணக்கை விரிக்க வேண்டும். தமிழில் முதலீட்டுக் கையேடு செபியின் இணையத்தில் இருக்கிறது. நாமே பார்த்தோம், எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அங்கே இருக்கிறது. அவர் இங்கே இருந்தார்.

வேலிக்கு வெளியே நடக்கும் வேட்டை வேறு கதை. நிலம் தருகிறோம் என்று பி.ஏ.சி.எல். நிறுவனம் 5 கோடிக்கு மேற்பட்ட மக்களிடம் திரட்டிய 49,100 கோடியைத் திருப்பிக் கொடு என்று 2014 ஆகஸ்டில் செபி உத்தரவிட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்தது. சிறு தொகை போட்டவர்களுக்கு முதலில் என்று, தவணை தவணையாகத்தான் பணம் நகர்ந்தது. எந்த வாசலைத் தட்டுவது என்று தெரியாமலே நம் மக்கள் பாதி ஆயுளைத் தொலைக்கிறார்கள். சீட்டுக் கம்பெனி என்றால் மாநிலப் பதிவுத் துறை. வைப்புத்தொகை வாங்கி ஏமாற்றிய நிதி நிறுவனம் என்றால் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பொருளாதாரக் குற்றப் பிரிவு. பங்கு, பரஸ்பர நிதி என்றால் செபி. பதிவு பெற்ற தரகர்மீது ஸ்கோர்ஸ் என்ற இணையவழியில் புகார் எழுதலாம். 21 நாளில் பதில் வரவேண்டும் என்பது விதி. 1800 266 7575 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம். வாட்ஸாப் குழுவில் போலிச் செயலி காட்டிப் பணம் பறித்தால் அந்த நிமிடமே 1930. 2025 அக்டோபர் முதல், பதிவு பெற்ற தரகருக்கு யுபிஐயில் பணம் அனுப்பும் முகவரியில் "வேலிட்" என்ற சொல் இருக்கும்படி ஏற்பாடு வந்திருக்கிறது. அனுப்புமுன் அதைத் தேட வேண்டும்.

இவ்வளவும் விசாரித்தபின் மறுபடி அந்தத் தோழரை வரச்சொன்னோம். கைபேசியைத் துருவினோம். அப்போதுதான் ஒன்று அகப்பட்டது. டெலிகிராமில் ஒரு ஆசாமி. "நாளை இதை வாங்கு" என்று குறிப்புக் கொடுக்க மாதம் 4,000 ரூபாய் வாங்கியிருக்கிறான். நான்கு மாதம், 16,000. கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்ல 2013ஆம் ஆண்டு விதிப்படி செபியில் பதிவு வேண்டும். பதிவுப் பட்டியலில் தேடினோம். அவன் பெயர் இல்லை.

3,40,000க்கு வழக்கில்லை, இந்த 16,000க்கு இருக்கிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, தேதி வாரியாக, பணம் போன வழியோடு எழுதினோம். ஒரு படி செபிக்கு, ஒரு படி சைபர் குற்றப் பிரிவுக்கு. அவர் கையெழுத்துப் போட்டார். தந்தையாருக்கு இன்னும் விவரம் தெரியாதாம்; இன்று இரவு சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

வருகிற ஞாயிறு மாலை 5 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் கூட்டம். பேசுவதற்கு அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்கு மாதக் கணக்குத் தாளையும் கொண்டு வருகிறார். பெயர் சொல்ல வேண்டாமே என்று நாம் தடுத்தோம். "பட்டறையில எங்கூட இன்னும் ஆறு பேர் அமுக்கிட்டிருக்காங்கண்ணா" என்றார்.